தவணை கட்ட முடியாத வீடுகள்: 1933-இல் அமெரிக்க அரசு செய்ததும் செய்யாததும்

‘நியூ டீல்’ பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் வேலைத் திட்டங்களை வரிசையாக எழுதிவிடுவார்கள். அணை கட்டியது, சாலை போட்டது, காட்டில் மரம் நட்டது எல்லாம் வந்துவிடும். வீட்டுக் கடன் மட்டும் வராது. வந்தாலும், “வீடு இழக்கவிருந்தவர்களுக்கு அரசு உதவியது” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். யாருக்கு, எப்படிப்பட்ட உதவி, யார் விடுபட்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. அந்த ஒரு வரியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். 2020-க்குப் பிறகு ‘மொராட்டோரியம்’ நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டதால், இதைக் கற்பிப்பது இப்போது கொஞ்சம் சுலபம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தவணை கட்ட முடியாமல் தவிப்பவருக்கு அரசு இரண்டு விதமாகக் கை கொடுக்கலாம். ஒன்று, “இப்போதைக்குக் கட்ட வேண்டாம்” என்று நாளைத் தள்ளிப்போடுவது. இன்னொன்று, அவரால் கட்டக்கூடிய கடனாகக் கடனையே மாற்றிக் கொடுப்பது. முதலாவதற்கு ஒரு சட்டம் போதும். இரண்டாவதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று கசப்பான முடிவும் எடுக்க வேண்டும். 1933-இல் அமெரிக்கா இரண்டையும் செய்து பார்த்தது.

அந்தக் காலத்து வீட்டுக் கடன்

இன்றைய வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு 1920-களைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மாதாமாதம் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி முடிக்கும் கடன் அன்று வழக்கத்தில் இல்லை. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே கடன் கொடுத்தன. வீட்டு விலையில் பாதி அளவுக்குத்தான் கடன் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் வட்டி மட்டும் கட்டினால் போதும். முடிவில் அசல் முழுவதையும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். கட்டட, கடன் சங்கங்கள் மட்டும் இதைவிடக் கொஞ்சம் நீண்ட காலக் கடன் கொடுத்தன.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒருவர் 6,000 டாலர் வீட்டுக்கு 3,000 டாலர் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6 விழுக்காடு, காலம் ஐந்து ஆண்டு. ஆண்டுக்கு 180 டாலர் வட்டி கட்டுகிறார், ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஐந்து ஆண்டு முடிந்ததும் எவ்வளவு பாக்கி? அதே 3,000. மாணவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். “அப்புறம் எப்படி சார் கட்டுவாங்க?” யாரும் அதைக் கையிலிருந்து கட்டவில்லை என்பதுதான் பதில். கடனைப் புதுப்பித்துக்கொள்வார்கள். நல்ல காலத்தில் வங்கியும் தலையாட்டிவிடும். மீதிப் பாதி விலைக்கு இரண்டாவது அடமானமும் பலர் வைத்திருந்தார்கள், அதற்கு வட்டி இன்னும் அதிகம்.

1929-க்குப் பிறகு தலையாட்ட ஆள் இல்லை. வீட்டு விலை இறங்கியது. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. திறந்திருந்த வங்கிகளும், வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்டு வருவோருக்குக் கொடுக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தன. கடனைப் புதுப்பிக்கும் நிலையில் அவை இல்லை. 1933-இல் உழைப்பாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆகவே இரண்டு வகையான மனிதர்கள் ஒரே குழியில் விழுந்தார்கள். வேலை போய் வட்டி கட்ட முடியாதவர் ஒருவர். வேலையும் இருந்து, வட்டியும் ஒழுங்காகக் கட்டி, கடன் காலம் முடிந்த நாளில் புதுப்பிக்க ஆள் கிடைக்காதவர் இன்னொருவர். இந்த இரண்டாவது மனிதரைப் பாடநூல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பின்னால் அரசு செய்த வேலையைப் புரிந்துகொள்ள அவர்தான் முக்கியம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். பண்ணை அல்லாத வீடுகளில், கடனுக்காகப் பறிபோனவை 1926-இல் சுமார் 68,000. 1933-இல் சுமார் 252,000. நம் ஊரில் ‘லெலோங்’ என்று நோட்டீஸ் ஒட்டுவார்களே, அது நாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட எழுநூறு வீட்டு வாசலில்.

மூன்றே மூன்று பேர்

ஹூவர் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது தவறு. 1932 ஜூலையில் அவர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டரசு வீட்டுக் கடன் வங்கிகளை உருவாக்கியது. வீட்டுக் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு இந்த வங்கிகள் பணம் கொடுக்கும், அவை மக்களுக்குக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. வேறெங்கும் கடன் கிடைக்காத வீட்டுக்காரர் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது. ஏறத்தாழ 41,000 பேர் விண்ணப்பித்தார்கள். அங்கீகரிக்கப்பட்டவை மூன்று.

மூவாயிரம் அல்ல, மூன்று. எழுத்துப்பிழை என்று நினைத்து மாணவர்கள் பூஜ்யம் சேர்த்துவிடுவதுண்டு. கடன் கேட்பவரின் வீட்டில் எவ்வளவு பாக்கி இருக்கலாம் என்று சட்டம் வைத்த வரம்பும், அந்த வங்கிகளின் எச்சரிக்கையும் சேர்ந்து, உண்மையாகவே கஷ்டத்தில் இருந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டன. கஷ்டத்தில் இல்லாதவருக்கு மட்டும் கிடைக்கும் கஷ்ட நிவாரணம்!

நாளைத் தள்ளிப்போட்ட மாநிலங்கள்

மக்கள் காத்திருக்கவில்லை. மத்திய மேற்கு மாநிலங்களில் பண்ணை ஏலங்களுக்குப் பக்கத்து விவசாயிகள் கூட்டமாகப் போய் நின்றார்கள். மாட்டுக்கும் கலப்பைக்கும் சில காசுகள் மட்டும் கேட்பார்கள். வெளியாள் விலையை உயர்த்தினால் முறைப்பார்கள். வாங்கியதை அப்படியே பழைய சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 1933 ஏப்ரல் 27-இல் ஐயோவா மாநிலம் லெ மார்ஸ் ஊரில் நிலைமை எல்லை மீறியது. ஏல உத்தரவுகளில் கையெழுத்திட மாட்டேன் என்று உறுதி கூறச் சொல்லி நீதிபதி சார்லஸ் பிராட்லியை விவசாயிகள் நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று, கழுத்தில் கயிறும் மாட்டினார்கள். அவர் மறுத்தார். உயிரோடு விட்டுவிட்டார்கள். மறுநாளே அங்கு இராணுவச் சட்டம் வந்தது.

இந்தச் சூழலில்தான் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் ஒத்திவைப்புச் சட்டம் கொண்டுவந்தன. 1933, 1934 ஆண்டுகளில் மட்டும் 27 மாநிலங்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது மினசோட்டாவின் சட்டம், ஏனென்றால் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. பிளேஸ்டெல் வழக்கு என்று அதற்குப் பெயர்.

வழக்கின் விவரம் சுவையானது. மினியாபொலிஸ் நகரில் ஒரு தம்பதிக்கு 14 அறைகள் கொண்ட வீடு. ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு மற்ற அறைகளை வாடகைக்கு விட்டார்கள். கடன் கட்ட முடியாமல் 1932 மே மாதம் வீடு ஏலத்தில் போனது. மினசோட்டா சட்டப்படி ஏலத்துக்குப் பிறகும் ஓராண்டுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். அந்த ஓராண்டு முடியும் தறுவாயில் புதிய சட்டம் வந்தது. நீதிமன்றம் மீட்புக் காலத்தை 1935 மே வரை நீட்டித்தது. ஆனால் சும்மா இல்லை. மாதம் 40 டாலர் கட்ட வேண்டும். அந்த வீட்டின் நியாயமான வாடகை அவ்வளவுதான் என்று நீதிமன்றமே கணக்கிட்டது.

ஒப்பந்தக் கடப்பாட்டை எந்த மாநிலமும் குலைக்கக்கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. கடன் பத்திரம் ஓர் ஒப்பந்தம். அப்படியானால் இந்தச் சட்டம் செல்லுமா? 1934 ஜனவரி 8-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஹியூஸின் வாதம் இது: நெருக்கடி புதிய அதிகாரத்தை உண்டாக்காது, ஆனால் இருக்கிற அதிகாரத்தைப் பயன்படுத்தும் சந்தர்ப்பத்தைத் தரும். கடன் அழியவில்லை, காலம்தான் நீண்டது, கடன் கொடுத்தவருக்கு வாடகை அளவு பணமும் வருகிறது. எதிர்த்து எழுதிய நீதிபதி சதர்லேண்ட், கடனாளிகள் நெருக்கடியில் இருக்கும் காலத்துக்காகவே அந்தப் பிரிவு அரசியலமைப்பில் எழுதப்பட்டது என்றார். வரலாறாகப் பார்த்தால் சதர்லேண்டு சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. மேல்நிலை மாணவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் கொடுத்து வாதாட விடுங்கள். ஒரு பாடவேளை போதாது.

ஒத்திவைப்பால் வீடு தப்பியது, கடன் அப்படியே இருந்தது. வட்டியும் சொத்து வரியும் நிற்கவில்லை. கொடுத்த பணம் எப்போது திரும்பும் என்று தெரியாததால், இத்தகைய மாநிலங்களில் புதுக்கடன் கொடுக்கத் தயங்கினார்கள் என்று பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் பின்னர் காட்டியிருக்கிறார்கள்.

கடனையே மாற்றிய கழகம்

1933 ஜூன் 13-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை உருவாக்கியது. எச்.ஓ.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது மக்கள் கையில் பணம் கொடுத்த அமைப்பு என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது வேறு. கழகம் வங்கியிடம் போய், “இந்தக் கடன் பத்திரத்தை எங்களிடம் கொடு, பதிலுக்கு அரசு உத்தரவாதமுள்ள எங்கள் பத்திரத்தை வைத்துக்கொள்” என்றது. வங்கி ஒப்புக்கொண்டால் வீட்டுக்காரர் அன்றிலிருந்து கழகத்தின் கடன்காரர். முதலில் வட்டிக்கு மட்டும் அரசு உத்தரவாதம் இருந்ததால் வங்கிகள் முகம் சுளித்தன. 1934-இல் அசலுக்கும் உத்தரவாதம் வந்தபின் வரிசையில் நின்றன.

வீட்டுக்காரருக்கு என்ன மாறியது? வட்டி 5 விழுக்காடு, காலம் 15 ஆண்டு, அசலும் வட்டியும் சேர்ந்த மாதத் தவணை. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 டாலருக்கு மாதம் ஏறத்தாழ 23 டாலர் 70 காசு. பழைய கடனில் மாத வட்டி 15 டாலர்தான், ஆகவே மாதச் சுமை கூடியதுபோலத் தெரியும். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,000 டாலர் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பதினைந்தாம் ஆண்டில் வீடு சொந்தம். நான் சொன்ன அந்த இரண்டாவது மனிதருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

பாக்கி நின்ற சொத்து வரியையும் கழகம் கட்டி அதைக் கடனோடு சேர்த்தது. ஆசிரியர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சொத்து வரி வராவிட்டால் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லை. சிகாகோவில் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத ஆசிரியர்கள் 1933 ஏப்ரலில் வங்கிகளுக்குள்ளேயே புகுந்து போராடினார்கள். பல நகரங்களுக்குக் கழகம் கட்டிய வரிப்பாக்கி பெரிய மூச்சு.

சுமார் 19 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1936 ஜூனில் கடன் கொடுப்பது நின்றபோது, பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான கடன்கள், மொத்தம் ஏறத்தாழ 300 கோடி டாலர். கடன் பெற்றவர்கள் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவணை பாக்கி வைத்திருந்தவர்கள். ஹூவர் காலத்து வங்கிகள் திரும்பிக்கூடப் பார்க்காத ஆட்கள்.

வீட்டை மதிப்பிட்ட முறையில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். அன்றைய சந்தை விலையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் வீட்டு விலை பாதாளத்தில் இருந்தது. மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் கடன் கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னதால், பல வீடுகள் தகுதியே பெறாது. ஆகவே மூன்று தொகைகளின் சராசரியை எடுத்தார்கள்: இன்றைய சந்தை விலை, அதே வீட்டை மீண்டும் கட்டினால் ஆகும் செலவு, முந்தைய பத்து ஆண்டு வாடகையை வைத்துக் கணக்கிட்ட மதிப்பு. மதிப்பு ஏறியது. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அதே சமயம் வங்கிக்கும் தன் கடனில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. பல சமயம் வட்டிப் பாக்கியும் சேர்ந்து வந்தது. ‘வெல் வொர்த் சேவிங்’ என்ற நூலில் பிஷ்பேக், ரோஸ், ஸ்னோடன் மூவரும் இதை விரிவாகக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரரைக் காப்பாற்றிய திட்டம், கடன் கொடுத்தவரையும் நன்றாகவே காப்பாற்றியது. வங்கிகள் சேர்வது கட்டாயம் இல்லை என்பதால், அவற்றுக்கு இனிப்புக் கொடுக்காமல் திட்டம் நகர்ந்திருக்காது என்பது என் கருத்து.

விடுபட்டவர்கள்

விண்ணப்பித்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கடன் கிடைக்கவில்லை. சிலர் தாங்களே விலகிக்கொண்டார்கள், சிலருக்கு உதவி தேவையில்லை என்று கழகம் கருதியது, சிலரால் இந்தத் தவணையையும் கட்ட முடியாது என்று ஒதுக்கியது. கடன் கிடைத்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கடைசியில் வீட்டை இழந்தார், இந்த முறை கழகத்திடமே. சுமார் இரண்டு லட்சம் வீடுகள். இத்தனைக்கும் கழகம் பொறுமையாகவே நடந்தது. 1939-இல் வட்டியை நான்கரை விழுக்காட்டுக்குக் குறைத்தது, காலத்தை 25 ஆண்டு வரை நீட்டவும் இடம் கொடுத்தது. வருமானமே இல்லாதவருக்கு எந்தத் தவணையும் பெரிய தவணைதான்.

இன்னொரு கூட்டம் கணக்கிலேயே வரவில்லை. 1930-இல் அமெரிக்கக் குடும்பங்களில் பாதிக்கும் மேல் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது வரைபடம். இங்கே மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 1935-இலிருந்து கழகம் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், மஞ்சள், ‘ஆபத்தான’ பகுதிக்குச் சிவப்பு. பகுதிக் குறிப்புப் படிவத்தில், அங்கே கறுப்பினத்தவர் எத்தனை பேர், வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை பேர் என்று நிரப்பத் தனி இடமே இருந்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பாயின. 1985-இல் கென்னத் ஜாக்சன் தம் நூலில் இதை எழுதிய பிறகு, “கறுப்பினத்தவருக்குக் கடன் மறுத்தது எச்.ஓ.எல்.சி.” என்ற வாக்கியம் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் நாள்களைப் பாருங்கள். கழகத்தின் கடன்களில் பெரும்பகுதி வரைபடத்துக்கு முன்பே கொடுத்து முடிந்துவிட்டது. பின்னர் சிவப்பாகக் குறிக்கப்பட்ட பகுதிகளிலும் அது நிறையக் கடன் கொடுத்திருக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பகுதிகளை ஒதுக்கியது 1934-இல் வந்த கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம். புதுக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுக்கும் வேலை அதனுடையது. அதற்கென்று சொந்த வரைபடங்களும் சொந்த விதிகளும் இருந்தன. எச்.ஓ.எல்.சி. வரைபடத்தில் இனவாதம் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேர்வில் எந்த அமைப்பு எதைச் செய்தது என்று பிரித்து எழுதுங்கள்.

1951-இல் கழகம் கணக்கை முடித்து மூடப்பட்டது. சிறு இலாபம்கூடக் காட்டியது. அந்த இலாபத்தை மட்டும் வைத்து வெற்றி என்று எழுத வேண்டாம். பின்னால் போரும் விலையேற்றமும் வீட்டு விலையைத் தூக்கிவிட்டன. மலிவு வட்டியில் கடன் வாங்க அரசின் உத்தரவாதம் தோள் கொடுத்தது.

பின்னாளில்

2008 நெருக்கடியில் எச்.ஓ.எல்.சி.யைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பொருளியலாளர் ஆலன் பிளைண்டர் போன்றோர் எழுதினார்கள். நடக்கவில்லை. 2009-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த திட்டம் 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் குறிவைத்தது. அதில் கடனை அரசு வாங்கவில்லை. தவணையைக் குறைத்துக் கொடுக்கும்படி, கடனை நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. 1933-இல் கடன் பத்திரம் ஏதோ ஒரு வங்கியின் அலமாரியில் இருந்தது, போய்க் கேட்டு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2009-இல் அதே கடன் துண்டுதுண்டாக உலகமெங்கும் முதலீட்டாளர்களிடம் விற்கப்பட்டிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? விண்ணப்பப் படிவங்கள் தொலைந்தன, மறுபடி மறுபடி கேட்கப்பட்டன. 2016 இறுதியில் விண்ணப்பம் நிறுத்தப்பட்டபோதும் இலக்கு எட்டவில்லை.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1-இலிருந்து ஆறு மாதம் கிடைத்தது மினசோட்டா வகை, அதாவது நாளைத் தள்ளிப்போடுவது. விண்ணப்பமே வேண்டாம், தானாகக் கிடைத்தது. அந்த வேகத்துக்குப் பேங்க் நெகாராவைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டுக் கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அக்டோபரிலிருந்து வேலை இழந்தோர், வருமானம் குறைந்தோர் என்று குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் உதவி சுருங்கியது. ஏப்ரல் மாதத் தானியங்கி ஒத்திவைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: அன்றைய தேதியில் தவணை பாக்கி 90 நாளைத் தாண்டியிருக்கக்கூடாது. தாண்டியவர்கள் தனியாக வங்கியிடமோ, 2006-இலிருந்து இலவச ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.யிடமோ போக வேண்டும். எச்.ஓ.எல்.சி.யிடம் கடன் பெற்ற சராசரி மனிதர் இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர் என்பதை இங்கே மாணவர்களுக்கு நினைவூட்டிவிட்டு, இரண்டு கேள்விகளைப் பலகையில் எழுதலாம். 90 நாள் என்ற கோட்டை ஓர் அரசு ஏன் போடுகிறது? அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவரின் கடனை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், அதற்கான பணம் யாரிடமிருந்து வரும்?